ஒரு தடவை நிமோனியா வந்தவருக்கும் தடுப்பூசி தேவையா?

வெயில்மரம்:
அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை நோய் உண்டு. போன வருடம் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தார். இப்போது டாக்டர் தடுப்பூசி போடச் சொன்னால், "அதான் வந்து போய்விட்டதே, இனி எதற்கு?" என்கிறார். வருடாவருடம் ஃப்ளூ ஊசி போடுகிறார், அது போதாதா? அப்புறம் ஊசிப் பெயர்களில் வரும் இந்த 13, 20, 23 எல்லாம் என்ன, டோஸ் கணக்கா?

சாய்வுநாற்காலி:
டோஸ் இல்லை. நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவில் 90க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, அதில் எத்தனை வகைக்கு எதிராக அந்த ஊசி என்பதுதான் எண். அப்பாவுக்கான பதிலும் இதுதான்: ஒரு வகை வந்து போனால் மற்றவை வராது என்று அர்த்தமில்லை, போன வருடம் வந்தது எந்தக் கிருமியால் என்று பரிசோதனையில் தெரியாமலேயே போயிருக்கவும் கூடும்.

எண் பெரிது என்பதற்காக 23ஐக் கேட்டு வாங்காதீர்கள். அது பழைய தயாரிப்பு, கிருமியின் மேலுறையில் இருக்கும் சர்க்கரையை மட்டும் வைத்துச் செய்தது (அப்பாவின் சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!), சில வருடங்களில் பலன் குறைந்துவிடும். 13, 20 இரண்டிலும் அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்திருப்பதால் உடம்பு கிருமியை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளும். 20 கிடைத்தால் பொதுவாக ஒரே ஊசியோடு சரி. 13 போட்டால் வழக்கமாக ஒரு வருடம் கழித்து 23ஐயும் போடச் சொல்வார்கள்.

கல்தூண்:
ரொம்பவும் எதிர்பார்க்க வேண்டாம். நெதர்லாந்தில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன சுமார் 85,000 பேரிடம் 13ஐச் சோதித்தபோது, அந்த 13 வகைகளால் வரும் நிமோனியா கிட்டத்தட்ட 45% குறைந்தது, அவற்றால் ரத்தம் வரை பரவும் கடுமையான தொற்று 75% குறைந்தது. ஆனால் எல்லாக் கிருமிகளாலும் வரும் நிமோனியாவையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை. அந்த 75%க்காகவே நான் போடச் சொல்வேன், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தக் கடுமையான தொற்றுதான் ஆபத்து.

ஃப்ளூ ஊசியை நிறுத்திவிடாதீர்கள். ஃப்ளூ வைரஸ் மூச்சுக்குழாயின் உள்சவ்வைப் புண்ணாக்கிவிட்டுப் போன பிறகுதான் பல நேரம் பாக்டீரியா உள்ளே நுழைகிறது.

வெயில்மரம்:
நன்றி, இரண்டையும் ஒரே நாளில் போடலாமா?

சாய்வுநாற்காலி:
போடலாம், கைக்கு ஒன்றாக. ஒன்றிரண்டு நாள் கை வலிக்கும், லேசாகச் சுரம் அடிக்கலாம். ஏற்கெனவே கடும் காய்ச்சல் இருந்தால் மட்டும் தணிந்த பிறகு போங்கள். முன்பு ஏதாவது நிமோனியா ஊசி போட்டிருந்தால் அந்தச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள், அடுத்தது எது என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.