ஒட்டுப்பால் மீசை

குலசேகரம் பெரியப்பா: (படம்) ஆட்டுக்குட்டி பிறந்து ஆறு நாள்தான். ரப்பர் மரத்தில் பால் வடியக் கட்டிய சிரட்டைக்குள் வாயை விட்டுவிட்டது. மூஞ்சி முழுக்க காய்ந்து ஒட்டிய ரப்பர் பால், ஒட்டுப்பால். தேங்காய் எண்ணெய் தடவித்தான் உரித்து எடுத்தேன்.

தக்கலை மைனி: ஐயோ, மீசை வைத்த ஆட்டுக்குட்டி! அந்தக் காதைப் பிடித்துக் கடிக்கணும் போல இருக்கே 😍

மார்த்தாண்டம் சித்தி: இப்படிப் பேசிப் பேசித்தான் போன தடவை கிடாவை விற்கவிடாமல் செய்தீர்கள்.

நாகர்கோவில் தங்கச்சி: மைனி, நீங்கள் சொன்னதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் செய்தது, 2015இல் வந்தது. ஆசை அளவு மீறினால் கிள்ளணும், கடிக்கணும் என்று தோன்றுமாம்.

தக்கலை மைனி: பேரப்பிள்ளை கன்னத்தைக் கடிக்காத ஆச்சி உண்டா? இதற்கு யேல் வரைக்கும் போகணுமா?

தக்கலை அண்ணன்: சரி, இதைப் பாருங்கள். (படம்) எங்கள் சன்ஷேடில் புறாக்குஞ்சு இரண்டு.

மார்த்தாண்டம் சித்தி: சீ! காலையிலேயே இதையா போடுவாய்?

தக்கலை அண்ணன்: எச்சம் தாங்க முடியவில்லை சித்தி. ஏணி வாங்கி வைத்தாச்சு, கூட்டை எடுக்கப் போகிறேன்.

நாகர்கோவில் தங்கச்சி: அண்ணா, நில்லு. பெரிய தலை, உயர்ந்த நெற்றி, பெரிய கண், உப்பிய கன்னம், குட்டைக் கை கால். இந்த அடையாளங்களைக் கண்டால் நமக்குத் தூக்கிக் கொஞ்சத் தோன்றும் என்று விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கோன்ராட் லோரன்ஸ் 1943இலேயே எழுதினார். மனுஷப் பிள்ளையை யாராவது தூக்கினால்தானே அது பிழைக்கும்? அதற்காக வந்த ஆசை, அதே நெற்றியும் கண்ணும் உள்ள ஆட்டுக்குட்டிக்கும் போகிறது. புறாக்குஞ்சு இன்னும் கண்ணே திறக்கவில்லை, அலகுதான் பெரிசு. அதனால் சீ!

மார்த்தாண்டம் சித்தி: அப்போ கோழிக்குஞ்சு?

நாகர்கோவில் தங்கச்சி: அது கண்ணைத் திறந்துகொண்டு, பஞ்சு மாதிரிதானே வெளியே வருகிறது. அன்றைக்கே ஓடிப் பொறுக்கும். நம் பிள்ளை மாதிரி ஒன்றும் முடியாமல் கிடப்பது புறாக்குஞ்சுதான். தொண்டைக்குக் கீழே உள்ள பையில் சுரக்கும் பாலை அம்மா புறாவும் அப்பா புறாவும் ஊட்டினால்தான் உண்டு.

தக்கலை மைனி: புறாவுக்குப் பாலா? அதுவும் அப்பனுக்கா? இங்கே ஒருத்தர் ராத்திரி பிள்ளை அழுதால் போர்வையை இழுத்து மூடுவார் 😂

தக்கலை அண்ணன்: எத்தனை நாளில் பறக்கும்?

நாகர்கோவில் தங்கச்சி: ஒரு மாதம் போல ஆகும்.

தக்கலை அண்ணன்: ஏணியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

குலசேகரம் பெரியப்பா: வரும்போது ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் வாங்கி வா. மறுபடியும் சிரட்டைக்குப் போய்விட்டது.