கலைச்சொல் தேவை: விரித்தால் பூட்டிக்கொள்ளும் பெரிய மடக்குக்கத்தி (வெள்ளிக்குள்)

கல்லடியிலிருந்து, திங்கள்

எல்லோருக்கும் வணக்கம். இளைஞர் தொழிற்பயிற்சிக்கான கைநூல் ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். தச்சும் வெல்டிங்கும் முடிந்துவிட்டன. கத்தி பற்றிய இரண்டு பக்கத்தில் நிற்கிறேன்.

விஷயம் எளிது. கயிறு, தண்ணீர்க் குழாய், சாக்கு, தென்னமட்டை என்று நாள் முழுக்க முரட்டு வேலை செய்பவர், பெரிதாகவும் மலிவாகவும் ஒரு மடிக்கும் கத்தி வாங்கப் போனால் எதைப் பார்த்து வாங்குவது? அலகு விரிந்ததும் ஏதோ ஒன்று வந்து விழுந்து அதை மடங்கவிடாமல் பிடிக்கிறதே, அதில் நான்கு வகையை மூலம் விளக்குகிறது. அந்த 'ஏதோ ஒன்று'க்குச் சொல் வேண்டும். கத்திக்கும் மொத்தமாக ஒரு பெயர் வேண்டும். இப்போதைக்கு வில்லுக்கத்தி என்று எழுதி வைத்திருக்கிறேன்.

வாழைச்சேனையிலிருந்து, திங்கள்

> இப்போதைக்கு வில்லுக்கத்தி என்று

தம்பி, அதை மட்டும் போடாதீர்கள். வில்லுக்கத்தியில் முதுகில் ஒரு வில் அழுத்திக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பூட்டு இல்லை. மாங்காய் வெட்டலாம், தூண்டில் நூல் அறுக்கலாம். ஈரத்தில் ஊறிய நைலோன் கயிற்றை அழுத்தி அறுக்கும்போது முனை எதிலாவது குத்தி நின்றால் அலகு திரும்பி விரலில் விழும். எனக்கு விழுந்திருக்கிறது. சுட்டுவிரல் நுனி இன்றைக்கும் மரத்துத்தான் கிடக்கிறது. பூட்டு உள்ளதற்கும் இல்லாததற்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு எதைப் பார்த்து வாங்கச் சொல்லப் போகிறீர்கள்?

துறைமுகப் பக்கம் எங்கள் ஆட்கள் 'லொக் கத்தி' என்று கேட்பார்கள். கடைக்காரர் சரியான சாமானை எடுத்துத் தருவார்.

களுவாஞ்சிகுடியிலிருந்து, திங்கள் இரவு

லொக் வள்ளத்தோடு இருக்கட்டும். தமிழில் சொல் இல்லாமலா போயிற்று? சுரிகை என்றொரு சொல் நம்மிடம் இருக்கிறது. சுரிதல் என்றால் சுருங்குதல், சுருளுதல். சுரிகுழல் என்கிறோம். சங்குக்குச் சுரிமுகம் என்று பெயர். செய்கை, வருகை போலக் 'கை' விகுதி சேர்ந்தால் சுரிகை: தன்னுள் சுருங்கிக்கொள்வது. கருவியின் காம்பு நுழையும் துளையைச் சுரை என்பதும் இந்த வேர்தான். உள்ளே வெறுமையாய் இருப்பதால் சுரைக்காய். பிடிக்குள் அலகு ஒடுங்கும் கத்திக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. சுரிகை என்றே போடுங்கள்.

சம்மாந்துறையிலிருந்து, செவ்வாய்

ஐயா, நீங்கள் சொன்னவிதம் அழகாக இருக்கிறது, ஆனால் ஏற்க முடியவில்லை. சுரிகை வடமொழி க்ஷுரிகாவின் தமிழ் வடிவம். க்ஷுரம் என்றால் சவரக்கத்தி. சூரிக்கத்தியும் அந்தக் குடும்பந்தான். அப்புறம், பழைய நூல்களில் வரும் சுரிகை இடையில் செருகும் உடைவாள். அது மடங்கியதாக எங்கும் இல்லை.

நான் வகுப்பை நினைக்கிறேன். சாதாரண தரத்தோடு படிப்பை விட்ட பிள்ளைகள்தான் இந்தக் கைநூலைப் பிடிக்கப் போகிறார்கள். சுரிகை என்றால் யாரோ அரசகுமாரியின் பெயர் என்று நினைப்பார்கள். மடக்குக்கத்தி என்று எல்லோருக்கும் தெரிந்த சொல் இருக்கும்போது ஏன் இந்தச் சுற்று?

திருநெல்வேலியிலிருந்து, செவ்வாய்

மடக்குக்கத்தி கொஞ்சம் இடறுகிறது. மடிகத்தி என்றால் என்ன? மடித்த, மடிக்கிற, மடிக்கும் கத்தி; சுத்தமான வினைத்தொகை. கூடவே, அலகு துருவேறா எஃகா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து, செவ்வாய்

இங்கே கறையில் உருக்கு என்று சொல்லித்தான் தொழில்நுட்ப வகுப்பில் படிப்பிக்கிறோம். எஃகு என்றால் பொடியன்மார் முகத்தைப் பார்ப்பார்கள்.

திருநெல்வேலியிலிருந்து, செவ்வாய்

உருக்கு என்றால் எங்களுக்கு உருக்குவது. நெய்யையும் உருக்கலாமே!

களுவாஞ்சிகுடியிலிருந்து, செவ்வாய்

'செறுநர் செருக்கறுக்கும் எஃகு' என்று வள்ளுவர் சொன்னது கருவியையே. எஃகு பழஞ்சொல். ஆனாலும் உருக்கை விட்டுக்கொடுக்க மாட்டேன். 1936 இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் என்பதை திருநெல்வேலி நண்பருக்கு நினைவூட்டுகிறேன். சொல் செய்ய எங்களுக்கும் தெரியும்.

சம்மாந்துறையிலிருந்து, செவ்வாய்

உருக்கு, எஃகு இரண்டுமே வாழட்டும், நாம் கத்திக்கு வருவோம். மடிகத்தியில் எனக்கொரு சங்கடம். மடி என்றால் இங்கே இடுப்பு மடிப்பு. மடியில் கட்டிக்கொண்டு போகிற கத்தி என்றுதான் காதில் விழும். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள், கத்தி இருந்தால் பொலிஸ் பயமும் சேரும்.

இது பகிடி மட்டும் இல்லை. போர்க்காலத்தில், வழியெல்லாம் சோதனைச்சாவடி இருந்தபோது, சின்ன வில்லுக்கத்தியைக்கூட யாரும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறவில்லை. ஒரு தலைமுறை இந்தச் சாமானைக் கையில் வைத்திருக்கவேயில்லை. வெளியூர்க் கத்திகள் புதுப்புதுப் பூட்டோடு வந்தபோது இங்கே பெயர் வைக்க ஆளில்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அக்கரைப்பற்றிலிருந்து, புதன்

டீச்சர் சொன்னது சரி. முதலில் சாமானைப் பார்ப்போம், பெயர் தானாக வரும்.

ஒன்று, முதுகுப் பக்கம் நீளமான ஒரு நெம்பு. அதன் மூக்கு அலகின் அடிப்பள்ளத்தில் விழும். பின்னால் அமத்தினால் விடும். இடக்கைக்காரருக்கும் வசதி. பள்ளத்தில் சேறோ மீன்செதிலோ அடைத்தால் மூக்கு முழுதாக இறங்காது. பூட்டியது போலத் தெரியும், பூட்டியிருக்காது. அதனால் விரித்ததும் அலகின் முதுகை ஒரு பலகையில் வைத்து மெல்ல அமத்திப் பார்க்கவேண்டும்.

இரண்டு, பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் வளைந்து அலகின் அடிக்குப் பின்னால் வந்து நிற்கும். மலிவான கத்திகளில் இதுதான் அதிகம். மடிக்கும்போது பெருவிரல் அலகின் பாதையிலேயே இருக்கும், கவனம். தகடு அலகின் அடியை நன்றாகப் பிடிக்காமல் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால் வாங்கவேண்டாம்.

மூன்று, அதே முறைதான், ஆனால் தனித்தகடு இல்லை. பிடியின் ஒரு பக்கமே வளைந்து பூட்டும். இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க இன்னும் இறுகும். நாலு, பிடியின் கழுத்தில் சுழலும் வளையம். திருப்பிவிட்டால் அலகை மடங்கவிடாது.

களுவாஞ்சிகுடியிலிருந்து, புதன்

நல்ல விளக்கம். இப்போது தெளிவாகிறது: இது பூட்டே அல்ல. பூட்டுக்குத் திறப்பு, அதாவது சாவி, வேண்டும். திறப்பு இல்லாமல் தானே விழுந்து தடுப்பது தாழ். 'அன்பிற்கும் உண்டோ அடைக்கும் தாழ்' என்பதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தாழ்வதால் தாழ். அக்கரைப்பற்று நண்பர் சொன்ன மூக்கு பள்ளத்தில் தாழ்கிறது அல்லவா? ஆகவே தாழ்க்கத்தி. பெயர்ச்சொல் முன்னால் நிற்பதால் ககரம் மிகும்.

வாழைச்சேனையிலிருந்து, புதன்

ஐயா, தாழ்க்கத்தி என்பதை ஒருக்கா வேகமாகச் சொல்லிப் பாருங்கள். தாக்கத்தி!

நாவிதன்வெளியிலிருந்து, புதன்

இந்தக் குழுவில் வாசிப்பதோடு நிற்பேன், இதற்கு வராமல் இருக்க முடியவில்லை. எங்கள் வட்டைகளில் வேளாண்மை வெட்டுக்குத் தாக்கத்திதான். ஏதாவது கடையில் போய்த் தாழ்க்கத்தி கேட்டால் பல்லு வைத்த அரிவாள்தான் கைக்கு வரும்.

களுவாஞ்சிகுடியிலிருந்து, புதன்

தாக்கத்தி எப்படி வந்தது என்று யோசித்தீர்களா? தாள் + கத்தி என்பது என் ஊகம். நெல்லின் தாளை அறுப்பது. புணர்ந்தால் தாட்கத்தி, வாயில் தேய்ந்து தாக்கத்தி. தாக்குதல் என்ற வினையோடு சேர்ப்பவர்களும் உண்டு, பொருந்தாது. வேளாண்மையை யாரும் தாக்குவதில்லை.

நாவிதன்வெளியிலிருந்து, புதன்

மெஷின் வந்தபின் தாக்கத்தி கூரையில் செருகியபடி கிடக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் பெயரைக் கூரையிலிருந்து எடுத்து வேறொன்றுக்கு வைக்க மனமில்லை. களவெட்டிக்கு, அதாவது சூடடிக்கும் களத்துக்கு, போனால் நெல்லையே பொலி என்றுதான் சொல்லவேண்டும். அங்கே பேச்சுக்கு மரியாதை உண்டு. அப்படிப்பட்ட ஊரில் கத்திப் பெயரை மாற்றிப்போட்டு விளையாடாதீர்கள்.

டொரொண்டோவிலிருந்து, புதன் (உங்களுக்கு வியாழன்)

வாழைச்சேனைக் காக்காவுக்கு (அண்ணனுக்கு) ஒரு சலாம், வில்லையும் பூட்டையும் பிரித்ததற்கு. கத்தி சேர்ப்பது என் பைத்தியம், ஆகவே கொஞ்சம் நீளும்.

பெயர் வைப்பதில் மற்றவர்களும் திண்டாடியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1964 இல் பக் நிறுவனம் 110 என்ற முதுகுப்பூட்டுக் கத்தியை இறக்கியது. அது பிடித்த பிடியில், அந்த வகையையே பக் கத்தி என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். பிரான்ஸின் ஒப்பினெல் கத்தியில் சுழலும் வளையம் 1955 இல் வந்தது. அதற்கு அவர்கள் தனிப்பெயரே வைத்தார்கள். உள்தகட்டுப் பூட்டை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்த மைக்கேல் வோக்கர் அதன் பெயரை வணிகக் குறியாகவே பதிந்துகொண்டார். ஆகவே சொல் இல்லையே என்று நாம் மட்டும் வெட்கப்பட வேண்டியதில்லை.

மலிவும் பெரிதும் வேண்டுமென்றால் நான் சொல்வது ஒப்பினெல் 12 ஆம் எண். அலகு 12 செ.மீ. ஆனால் மரப்பிடி தண்ணீரில் ஊறினால் உப்பி, அலகை விரிக்கவே விடாது. வாவியிலும் கடலிலும் நிற்பவருக்கு அது சரிவராது, வயலுக்குச் சரி. முரட்டு வேலைக்குக் கோல்ட் ஸ்டீல் நிறுவனத்தின் முதுகுப்பூட்டு நல்லது. அலகுக்கும் நெம்புக்கும் நடுவில் ஒரு தடுப்பாணி இருந்து பாரத்தை வாங்கிக்கொள்ளும். அவர்களின் வொயேஜர் வரிசையில் பெரியதன் அலகு 5½ அங்குலம். விலை மலிவல்ல.

உருக்கைப் பற்றி ஒன்று. கடைகளில் டி2 என்ற உருக்கு வகையின் பெயர் பொறித்த சீனக் கத்திகள் நிறைய. கூர் நிற்கும். துருவைத் தடுக்கும் குரோமியம் ஏறத்தாழ 12 சதவீதம் இருந்தும், ஒன்றரைச் சதவீதக் காபன் அதில் ஒரு பங்கைக் காபைட் என்ற கடினச் சேர்மமாகக் கட்டிவைத்துவிடும். உப்புத் தண்ணீரில் புள்ளிபுள்ளியாகத் துரு ஏறும். வாழைச்சேனைக்கு அது வேண்டாம். கூர் சீக்கிரம் போனாலும் கறையில் உருக்கே மேல், தீட்டிக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும் மடிக்கும் கத்தியால் தேங்காய் பிளக்கவோ, அதன் முதுகில் தடியால் அடிக்கவோ கூடாது. அதற்கு மன்னாக்கத்தி என்ற பெரிய வெட்டுக்கத்தி இருக்கிறது.

கல்லடியிலிருந்து, வியாழன்

மிக்க நன்றி. நாளைக்கு அச்சகம். இப்படி எழுதியிருக்கிறேன்:

பொதுப்பெயர் மடக்குக்கத்தி. பூட்டில்லாமல் வில் மட்டும் உள்ளது வில்லுக்கத்தி. முரட்டு வேலைக்கு ஆகாது என்று தடித்த எழுத்தில் போட்டுவிட்டேன். பூட்டு உள்ளது பூட்டுக்கத்தி. வகைகள் முதுகுப்பூட்டு, தகட்டுப்பூட்டு, சட்டப்பூட்டு, வளையப்பூட்டு. மறுப்பிருந்தால் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.

சம்மாந்துறையிலிருந்து, வியாழன்

சட்டப்பூட்டு வேண்டாம் தம்பி. நீதிமன்றம் போட்ட பூட்டு மாதிரி இருக்கிறது. பிடியே பூட்டுவதால் பிடிப்பூட்டு. மற்றதெல்லாம் எனக்குச் சம்மதம்.

திருநெல்வேலியிலிருந்து, வியாழன்

'மடக்கு' வினையடி. வினைத்தொகையில் வலி மிகாது: ஊறுகாய், சுடுசோறு. மடக்குகத்தி என்றல்லவா வரவேண்டும்?

களுவாஞ்சிகுடியிலிருந்து, வியாழன்

இங்கே மடக்கு முதனிலைத் தொழிற்பெயர். வன்றொடர்க் குற்றியலுகரத்தின் முன் வல்லினம் மிகும். மடக்குக்கத்தியே சரி. இந்த ஒன்றிலாவது நான் சம்மாந்துறை டீச்சர் பக்கம்.

தகட்டுப்பூட்டில் 'உள்' எங்கே போயிற்று? உள் + தகடு = உட்டகடு. உட்டகட்டுப்பூட்டு என்று முழுமையாக எழுதினால் என்ன?

அக்கரைப்பற்றிலிருந்து, வியாழன்

ஐயா, அதை வாசித்து முடிப்பதற்குள் கத்தி மடங்கிவிடும். தகட்டுப்பூட்டு போதும். பிடிப்பூட்டுக்கும் என் கை.

வாழைச்சேனையிலிருந்து, வியாழன்

எனக்கும் சரி. பூட்டுக்கத்தி என்பதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்திலாவது 'லொக் கத்தி' என்று ஒரு இடத்தில் போட்டுவிடுங்கள். கடையில் கேட்க வேண்டாமா?

கல்லடியிலிருந்து, வியாழன் இரவு

படத்துக்குக் கீழே ஒரு தடவை போடுகிறேன் காக்கா. பிடிப்பூட்டும் மாற்றியாயிற்று. இனி மாற்றமில்லை.

களுவாஞ்சிகுடியிலிருந்து, வெள்ளி அதிகாலை

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் தாழ் என்பதே சரி என்ற என் கருத்து குழுவின் பதிவில் இருக்கட்டும். திறப்பில்லாத பூட்டைப் பூட்டு என்று அச்சடித்த கைநூல் என்று நாளைக்கு யாராவது எழுதுவார்கள். இன்னொன்று: அலகு சுழலும் ஆணிக்குத் தம்பி என்ன போட்டிருக்கிறார் என்று சொல்லவேயில்லை. சுழலச்சு என்று போட்டிருந்தால் உடனே நிறுத்தவும். பழைய கதவுகள் சுழலும் முளைக்குக் குடுமி என்று பெயர். குடுமி...

சம்மாந்துறையிலிருந்து, வெள்ளி காலை

ஐயா, குடுமிக்குத் தனி இழை தொடங்குங்கள். தம்பி அச்சகத்துக்குப் போய்விட்டார்.