ட்வில் சாய்வைத் திருப்பினால் கரை கெடுகிறது, வழி சொல்லுங்கள்

தறி தெரிந்த அண்ணன்மார், அக்காமார் உதவி வேண்டும். குழித்தறி, கயிறு இழுத்து நாடா (ஊடை நூலைக் கொண்டு ஓடும் கட்டை) ஓட்டுவது. நெய்வது ட்வில், அதாவது சாய்கோடு விழும் நெசவு. பாவும் (நீள இழை) ஊடையும் (குறுக்கு இழை) 2/20 பருத்தி, அதாவது 20-ம் நம்பர் நூல் இரண்டைச் சேர்த்து முறுக்கியது. அங்குலத்துக்கு 40 இழை, 40 ஊடை. விழுதில் (பாவு இழைகளைத் தூக்கி இறக்கும் கண்ணிச் சட்டம்) 1-2-3-4 என்று நேராகக் கோர்த்தது. மிதிகள் வரிசையாக 1-2, 2-3, 3-4, 4-1 விழுதுகளைத் தூக்கும்.

சாய்வு ஒரே திசையில் ஓடும்வரை கரை (துணியின் ஓரம்) சுத்தமாக வருகிறது. முதல் மிதிக்கு நாடா 4-ம் விழுது ஓரத்தில் இருந்து கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். சாய்வைத் திருப்பிப் பின்னோக்கி மிதித்தால்தான் வம்பு. நாடா திரும்பும் இடத்தில் ஓர இழை அடுத்தடுத்த இரண்டு ஊடைக்கும் மேலேயே நிற்கிறது, இல்லை கீழேயே கிடக்கிறது. ஊடை அதைப் பிடிக்காமல் உள்ளே சுருண்டு, கரை பல் பல்லாகிவிடுகிறது.

ஓர இழையை விழுதில் கோர்க்காமல் பன்னையில் (இழைகளைப் பிரித்து ஊடையை அடிக்கும் சீப்பு) மட்டும் விட்டு, நாடாவை அதன் மேலே நுழைத்துக் கீழே எடுக்கலாம். கையால் நாடா போடுகிறவர்களுக்கு அருமையான வழி. கயிறு இழுக்கும் தறியில் நடக்காது.

அதனால் இரு ஓரத்திலும் 8 இழையை 5, 6-ம் விழுதுகளில் மாற்றி மாற்றிக் கோர்த்து, 1, 3-ம் மிதிக்கு ஐந்தையும் 2, 4-ம் மிதிக்கு ஆறையும் கட்டியாயிற்று. திருப்பினாலும் ஒற்றை, இரட்டை முறை மாறாததால் கரை சாதா நெசவாகவே (ஒன்று மேல், ஒன்று கீழ்) ஓடுகிறது, பிடிப்பும் நன்று. ஆனால் சாதா நெசவு ட்வில்லைவிட அதிகமாகப் பாவை இழுத்துக்கொள்கிறது. போகப்போகக் கரை இறுகி, இழை பன்னையிலேயே அறுகிறது.

கரை இழைகளைத் தனி உருளையில் சுற்றி எடை தொங்கவிட்டவர்கள் உண்டா? 8 இழைக்கு எத்தனை கிராம் வைத்தீர்கள்? அல்லது கரையில் மட்டும் பன்னைக் கண்ணுக்கு ஒரு இழையாகக் குறைத்தால் இறுக்கம் தளருமா?