புதுப்பிப்பு: கொழிஞ்சாம்பாறையிலிருந்து பத்தாவது முடிக்கிற கதை

கல்யாணத்தோட நின்னுபோன பத்தாவதைத் தையல் வேலைய விடாம முடிக்க வழி இருக்கான்னு முன்னாடி இங்க கேட்டிருந்தேன். கேரள அரசோட எழுத்தறிவு இயக்கமான சாட்சரதா மிஷன் நடத்துற, பத்தாவதுக்குச் சமமான துல்யதா படிப்பா, தேசிய திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ்ஸான்னு ரெண்டு கட்சியா பதில் வந்தது. என்ஐஓஎஸ்ல சேர்ந்துட்டேன். துல்யதா நல்ல படிப்புதான், ஆனா ஞாயித்துக்கிழமை வகுப்பு. எனக்கு அன்னைக்குத்தான் பிளவுஸ் வாங்க ஆள் வரும்.

பலர் கேட்டதால சொல்றேன். என்ஐஓஎஸ்ல அஞ்சு பாடம் பாஸாகணும். எல்லாத்தையும் ஒரே மூச்சுல எழுதணும்னு கட்டாயம் இல்ல. அஞ்சு வருஷத்துக்குள்ள ஒம்பது வாய்ப்பு. ஏப்ரல்-மே ஒரு தடவை, அக்டோபர்-நவம்பர் ஒரு தடவை பொதுத்தேர்வு. பாஸான பாடம் கணக்குல நிக்கும். வீட்டுலயே எழுதிக் கொடுக்கிற ஒப்படைப்புக்கு 20 சதவீத மார்க்; அதை அலட்சியமா விட்றாதீங்க. தமிழ்லயே எழுதலாம்.

பாடத்தை நாமளே தேர்ந்தெடுக்கலாம்ங்கறதுதான் எனக்குப் பெரிய விஷயம். கணக்கை விட்டுட்டு மனையியல் எடுத்தேன். "கணக்கு இல்லாம ஒரு பத்தாவதா?"ன்னு நாத்தனார் கேட்டாங்க. அளவெடுத்துத் துணி வெட்டுறது என்னவாம்!

தமிழும் மனையியலும் முடிஞ்சுது. இங்கிலீஷ் போச்சு, அடுத்த தடவை பாத்துக்கலாம். ஒம்பதாவது படிக்கிற பையன்தான் இப்ப எனக்கு வாத்தியார், ரொம்ப அதட்டுறான்.

பன்னிரண்டாவது பத்திக் கேட்ட அக்காவுக்கு: பத்தாவது முடிச்சு ரெண்டு வருஷம் ஆனாத்தான் பன்னிரண்டாவது சான்றிதழ் தருவாங்க. அதைப் பாத்துத் திட்டம் போட்டுக்கோங்க.