காசிமேட்டு வலைப் பதக்கத்தில் முடிச்சு எங்கே?

வலைக்காரர் பேரன், காசிமேடு:

ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த நகை வடிவமைப்பாளர் ஒருவர் அண்மையில் ஒரு பேட்டி அளித்திருக்கிறார். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் தன் தாத்தா வலை பழுதுபார்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததே தன் கலைக்கு ஊற்று என்றும், அந்த வலையைக் கண்ணி மாறாமல் தங்கக் கம்பியில் கொண்டுவந்திருப்பதாகவும், அந்தப் பதக்கம் முழுக்கத் தன் கைவேலை என்றும் அதில் சொல்லியிருக்கிறார். கூடவே வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. அவை சேருமிடத்தில் பற்றவைத்திருக்கிறார்கள். முடிச்சு ஒன்றுகூட இல்லை.

வலையில் ஒரு கண்ணி அறுந்தால் பக்கத்துக் கண்ணி அவிழாமல் காப்பது முடிச்சுதான். கண்ணியின் அளவைச் சொல்வதே, இழுத்துப் பிடித்து ஒரு முடிச்சிலிருந்து எதிர் முடிச்சு வரை அளந்துதான். இந்தப் பதக்கத்தில் இருப்பது சன்னல் கம்பி. அதைச் சன்னல் கம்பி என்று சொல்லி விற்றுக்கொள்ளட்டும். எங்கள் குப்பத்தின் பெயரை ஏன் இழுக்க வேண்டும்?

ராயபுரம் மாணவி:

அண்ணா, தூண்டுதல் வேறு, நகலெடுப்பது வேறு. நான் நகை வடிவமைப்பு படிப்பவள் என்பதால் சொல்கிறேன். வலையின் திறப்பும் தொங்கலும் அவரைத் தொட்டிருக்கின்றன. அவற்றைத் தங்கத்தில் கொண்டுவந்திருக்கிறார். மேலும், வலை என்றாலே முடிச்சு என்பதும் சரியல்ல. முடிச்சில்லாமல் இயந்திரத்தில் பின்னப்படும் வலைகள் இன்று புழக்கத்தில் இருக்கின்றன. முடிச்சு நூலின் வலிமையைக் குறைக்கிறது, நூலும் கூடுதலாகச் செலவாகிறது என்பதற்காகவே அவை வந்தன.

வலைக்காரர் பேரன், காசிமேடு:

இயந்திர வலை எனக்கும் தெரியும், தங்கச்சி. அவர் பேட்டியில் சொன்னது இயந்திரத்தைப் பற்றியா? தாத்தா வலை ஊசியோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன் என்றார். வலை ஊசி செய்யும் வேலையே முடிச்சுப் போடுவதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் துறைமுகத்துக்கு வந்து பாருங்கள். விசைப்படகுகளெல்லாம் கட்டிக் கிடக்க, கிழிந்த வலையை விரித்துப்போட்டு ஆண்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவர் கண்ணில் முடிச்சு மட்டும் எப்படித் தப்பியது?

தங்கசாலைப் பட்டறையார்:

நான் இருவரோடும் உடன்படவில்லை. மூன்று தலைமுறையாகத் தங்கசாலைத் தெருவை ஒட்டிய சந்தில் பட்டறை வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். தம்பி முடிச்சு முடிச்சு என்கிறார். தங்கக் கம்பியில் அந்த முடிச்சைப் போட்டுப் பார்த்திருக்கிறாரா?

துளைகளின் வழியே கம்பியை மெலிதாக்கும் கம்பியச்சில் இழுக்க இழுக்கக் கம்பி விறைத்துக்கொள்ளும். அவ்வப்போது தீயில் காட்டி இளக்கினால்தான் அடுத்த துளைக்குள் நுழையும். இளக்கிய கம்பியில் முடிச்சுப் போட முடியும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வலை முடிச்சைப் போல இறுக்க வேண்டுமானால் குறடால் பிடித்து இழுக்க வேண்டும். குறட்டின் பல் பதியும், வளைவில் கம்பி மறுபடி விறைக்கும், ஒரே முடிச்சை இரண்டாம் முறை சரிசெய்யப் போனால் ஒடிந்துவிடும். பிறகு பொடி, அதாவது பற்றவைப்பதற்கான உலோகக் கலவை, வைத்து ஊதும்போது, உருகிய பொடி முடிச்சின் இடுக்குகளிலெல்லாம் தானே ஏறி நிரப்பிவிடும். கடைசியில் உங்கள் கையில் இருப்பது முடிச்சாக இராது, உருவமற்ற ஒரு கட்டியாகத்தான் இருக்கும். பொடி வைக்காமல் விட்டாலோ, 22 காரட் தங்கம் மென்மையானது என்பதால் கம்பியும் கம்பியும் உரசித் தேயும், சோப்பும் அழுக்கும் உள்ளே தங்கும், புடவை நூல் மாட்டிக்கொள்ளும். குறுக்கே வைத்துப் பற்றவைப்பதே தொழில் தெரிந்தவன் எடுக்கும் முடிவு. ஆகவே முடிச்சு இல்லாதது குற்றமே அல்ல.

குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. பதக்கம் முழுக்கத் தன் கைவேலை என்று அவர் சொன்னது பொய் என்பதே என் வாதம். அந்தப் படத்தில் கம்பிகள் கூடும் ஒவ்வோர் இடமும் ஒரே வளைவில், ஒரே தடிமனில் இருக்கிறது. கையால் பொடி வைத்து ஊதினால் ஓரிடத்தில் கொஞ்சம் கூடும், ஓரிடத்தில் குறையும். இது கணினியில் வரைந்து, மெழுகில் அச்செடுத்து, அதைச் சுற்றி ஜிப்சம் கலவை ஊற்றி, மெழுகை எரித்து வெளியேற்றி, அந்தப் பள்ளத்தில் தங்கத்தை வார்த்த வேலை. வார்ப்பு இழிவானது என்று நான் சொல்லவில்லை. வார்ப்பைக் கைவேலை என்று சொல்வதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வலைக்காரர் பேரன், காசிமேடு:

ஐயா, நீங்கள் இவ்வளவு நீளமாக விளக்கியதில் நான் சொன்னதைத்தான் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள்: முடிச்சு இல்லை. போட முடியாது என்றால் வலை என்று சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

பெரம்பூர் வாசகர்:

இந்த அளவுகோலை வைத்தால் நம் பாட்டிமார் அணிந்த எந்த நகையும் தேறாது. மாங்காய் மாலையில் மாங்காய்க்குக் காம்பு எங்கே, கொட்டை எங்கே? சிவப்புக் கல் பதித்த மாங்காய் எந்தத் தோப்பில் காய்க்கிறது? ஆனாலும் பார்த்தவுடன் மாங்காய் என்று தெரிகிறது. பிரான்சில் ரெனே லாலிக் என்ற நகைக் கலைஞர் இருந்தார், 1860இல் பிறந்தவர். வைரத்தை மட்டுமே நம்பியிராமல் கொம்பு, கண்ணாடி, எனாமல் ஆகியவற்றைக் கொண்டு பூச்சிகளையும் செடிகளையும் செய்தார். அவருடைய தும்பி ஒன்று லிஸ்பனில் உள்ள குல்பென்கியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தும்பியின் வாயிலிருந்து ஒரு பெண்ணின் உடல் எழுகிறது, கால்களுக்குப் பதில் பெரிய நகங்கள் இருக்கின்றன. எந்தக் குளக்கரையிலும் அப்படிப்பட்ட தும்பி இல்லை. ஆனால் தும்பியை உற்றுப் பார்க்காதவரால் அதைச் செய்திருக்கவே முடியாது. வடிவமைப்பாளரிடம் நாம் கேட்க வேண்டியது, எதைப் பார்த்தார், எதை எடுத்தார், எதை விட்டார் என்பதையே.

வலைக்காரர் பேரன், காசிமேடு:

அதைத்தான் நானும் கேட்கிறேன். முடிச்சை ஏன் விட்டார்? மாங்காய் மாலை செய்தவர் யாரும் சேலத்து மாங்காயை அப்படியே கொண்டுவந்தேன் என்று பேட்டி கொடுக்கவில்லை.

தங்கசாலைப் பட்டறையார்:

முடிச்சைக் காட்டியே ஆக வேண்டும் என்று ஒருவர் என் பட்டறைக்கு வந்து கேட்டிருந்தால் நான் வழி சொல்லியிருப்பேன். தங்கக் கம்பியைச் சின்னச் சின்னத் துணுக்குகளாக நறுக்கிக் கரிக்கட்டையின்மேல் வைத்து ஊதினால், ஒவ்வொரு துணுக்கும் உருகித் தானாகவே உருண்டு மணியாகிவிடும். அந்த மணியைக் கம்பிகள் கூடுமிடத்தில் வைத்துப் பற்றவைத்தால் தூரத்திலிருந்து முடிச்சு போலவே தெரியும். இத்தாலியின் பழைய எத்ருஸ்கர்கள் கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவு நுண்ணிய மணிகளை இப்படி ஒட்டியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பொற்கொல்லர்கள் அதைப் போலச் செய்ய முயன்று திணறினார்கள். செப்பு உப்பைப் பசையோடு சேர்த்துப் பூசிச் சூடாக்கும் முறைக்கு லிட்டில்டேல் என்பவர் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது 1933இல்தான். பட்டறையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இந்த யோசனை தானாக வந்திருக்கும். திரையில் வரைபவருக்கு வராது, ஏனென்றால் திரையில் எதுவும் உருகுவதில்லை.

வலைக்காரர் பேரன், காசிமேடு:

மணி மணிதான் ஐயா, முடிச்சு ஆகாது.

ராயபுரம் மாணவி:

திரையில் வரைபவரைப் பற்றி இவ்வளவு இளக்காரம் வேண்டாம், ஐயா. கம்பியின் தடிமன், எடை, கழுத்தில் தொங்கும்போது எந்தப் பக்கம் சாயும் என்பதையெல்லாம் கணக்கிட்டுத்தான் நாங்கள் வரைகிறோம். அலெக்சாண்டர் கால்டர் என்ற அமெரிக்கச் சிற்பி ஏறத்தாழ 1,800 நகைகள் செய்தார். பெரும்பாலும் பொடியே வைக்காமல், கம்பியைச் சுத்தியலால் தட்டி, வளைத்து, சுற்றி, ஆணியடித்துச் சேர்த்தார். உங்கள் கணக்கில் அவர் தொழில் தெரியாதவரா?

தங்கசாலைப் பட்டறையார்:

மாணவி எனக்குச் சாதகமான சான்றையே கொண்டுவந்திருக்கிறார். அவர் தட்டியது தன் சொந்தக் கையால். அதனால்தான் சுத்தியலின் தடம் நகையில் அப்படியே நிற்கிறது. பேட்டி கொடுத்த அம்மையாரின் பதக்கத்தில் யாருடைய தடம் இருக்கிறது? வார்த்தது ஒருவர், அரம் போட்டது இன்னொருவர், மெருகு கொடுத்தது மூன்றாமவர். சௌகார்பேட்டை மாடிகளில் வங்காளத்திலிருந்து வந்த பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் செய்யும் வேலை அது. அவர்களில் ஒருவர் பெயராவது அந்தப் பேட்டியில் வந்ததா?

நகையைத் திருப்பிப் பாருங்கள். 2021 ஜூன் 16 முதல் ஹால்மார்க் கட்டாயம். அதில் மூன்று குறிகள் இருக்கும்: இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரை, 22K916 என்ற தூய்மைக் குறி, ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த தனி அடையாளம். செய்தவனுக்கு அங்கே ஓர் எழுத்துகூட இல்லை. வடிவமைப்பாளருக்குப் பேட்டி, கடைக்காரருக்குப் பெயர்ப் பலகை, செய்தவனுக்குக் கரிப்புகை.

1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்து, 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றபோது, நாடெங்கும் பொற்கொல்லர்கள் வேலையிழந்தார்கள். உயிரை விட்டவர்களும் உண்டு. தங்கக் கட்டுப்பாடு 1968இல் தனிச் சட்டமாகவே ஆகி, 1990இல்தான் நீங்கியது. அந்தக் காலம் முழுவதும் தொழிலை மறக்காமல் கைகளில் காத்தது யார்? இன்று ‘என் கைவேலை’ என்று ஒருவர் சுலபமாகச் சொல்லும்போது எங்களுக்கு வலிக்கும்.

கொருக்குப்பேட்டை வாடிக்கையாளர்:

பட்டறையார் கண்ணீர் விடுவதற்கு முன் சேதாரத்தைப் பற்றியும் பேசட்டும். செய்கூலி தனி, சேதாரம் தனி என்று எங்களிடம் வாங்கிக்கொள்கிறீர்கள். சேதாரம் என்று கழித்த தங்கம் எங்கே போகிறது? பட்டறையைக் கூட்டிய தூசியையே விலைக்கு வாங்கிப் போகிறார்களே, அப்படியென்றால் அது சேதமாகவில்லை என்றுதானே பொருள்?

தங்கசாலைப் பட்டறையார்:

கேள்வியைத் தவறான முகவரிக்கு அனுப்பியிருக்கிறீர்கள். உங்களிடம் நூற்றுக்கு இத்தனை என்று சேதாரம் போடுவது கடை. எங்களுக்குத் தங்கத்தை எடைபோட்டுக் கொடுத்து, எடைபோட்டு வாங்குவதும் அதே கடை. தூசியில் இருப்பது பொடிப்பொடியான துகள். அதைச் சேர்த்து, கழுவி, உருக்கிப் பிரித்தெடுப்பதே ஒரு பிழைப்பு. காட்மியம் கலந்த பொடி வைத்து ஊதிய காலத்தில் எங்கள் நுரையீரல் சேதமானதற்கு யார் கணக்கு வைத்தார்கள்? காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். தூய தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும். பற்றவைக்கும் சூட்டில் எழுந்த நச்சுப்புகையை ஊதுகுழலோடு குனிந்திருந்தவன் சுவாசித்தான். அந்தக் காட்மியப் பொடி வைத்த நகையைத்தான் உங்களுக்கு பில்லில் கேடிஎம் நகை என்று எழுதிக் கொடுத்தார்கள், நீங்களும் பெருமையாக அணிந்துகொண்டீர்கள்.

கொருக்குப்பேட்டை வாடிக்கையாளர்:

கடையைக் கைகாட்டித் தப்பிக்க வேண்டாம். தூசியைப் பற்றிக் கேட்டதற்கு இன்னும் நேரான பதில் வரவில்லை.

பெரம்பூர் வாசகர்:

நாம் ஒரு பதக்கத்தின் அழகியலைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். அந்த வடிவமைப்பாளர் வலையில் நூலைப் பார்க்கவில்லை, நூலுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தைப் பார்த்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. கழுத்தின் தோல் அந்தத் திறப்புகளின் வழியே தெரியும்படி அவர் அமைத்திருப்பதை யாராவது கவனித்தீர்களா?

வலைக்காரர் பேரன், காசிமேடு:

அந்த வெற்றிடத்தை வெற்றிடமாக நிறுத்துவது முடிச்சு. முடிச்சு நழுவினால் கண்ணியின் அளவு மாறி மீன் நிற்காது. தாத்தா கையில் தழும்பு வந்தது அந்த முடிச்சை இறுக்கி இறுக்கித்தான். அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டுத் தாத்தாவைப் பற்றிப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை, ஒப்பவும் ஒப்பாது.

ராயபுரம் மாணவி:

பட்டறையார் ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி. பட்டறையில் உட்கார்ந்தால்தான் யோசனை வரும் என்கிறீர்கள். உங்கள் மூன்று தலைமுறையில் ஒரு பெண்ணையாவது ஊதுகுழல் பிடிக்க விட்டிருக்கிறீர்களா? நான் பயிற்சிக்கு இடம் கேட்டுப் போன பட்டறைகளில், படியேறும்போதே திருப்பி அனுப்பினார்கள். திரையில் வரைவதைத் தவிர எங்களுக்கு வேறு எந்தக் கதவு திறந்திருந்தது?

தங்கசாலைப் பட்டறையார்:

என் அம்மா முத்தும் பவளமும் கோத்தவர். அவர் கோத்த சரம் பிசகி நான் பார்த்ததில்லை.

ராயபுரம் மாணவி:

கோத்ததைக் கேட்கவில்லை. ஊதியதைக் கேட்டேன்.

தங்கசாலைப் பட்டறையார்:

உங்கள் கல்லூரியில் பட்டறையில் வளர்ந்த பத்தர் ஒருவரையாவது ஆசிரியராக அமர்த்தியிருக்கிறார்களா என்பதை முதலில் சொல்லுங்கள், பிறகு நான் பதில் சொல்கிறேன்.

ராயபுரம் மாணவி:

முதலில் கேட்டது நான்.