11 சர்வர்களும் இன்னும் உபுண்டு 20.04ல்: எப்போது மாறுவது, எதற்கு மாறுவது?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. இரண்டு வாரமாக ஒரு முடிவுக்கு வர முடியாமல் திணறுகிறேன்.

எங்களிடம் 11 சர்வர்கள். ஆறில் செயலி ஓடுகிறது (பைத்தான், ஜாங்கோ). இரண்டில் போஸ்ட்கிரெஸ் 12 டேட்டாபேஸ், ஒன்று பிரைமரி (முதன்மை), ஒன்று ரெப்ளிகா (அதன் நகல்). இரண்டு லோட் பேலன்சர் (போக்குவரத்தைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புபவை), ஒன்று க்யூ (பின்னணி வேலைகளை வரிசையில் வைப்பது). எல்லாமே உபுண்டு 20.04 (லினக்ஸ் இயங்குதளம், 2020 ஏப்ரல் பதிப்பு). அதற்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. "நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்குக் கை வைக்க வேண்டும்" என்கிறார் மேலாளர். பாதுகாப்பு பேட்ச் வராத சர்வரில் வாடிக்கையாளர் தகவலை வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஸ்டேஜிங்கில் (சோதனைச் சூழலில்) ஒரு செயலி சர்வரை நகலெடுத்து, அடுத்த பதிப்புக்கு ஏற்றும் கருவியான டூ-ரிலீஸ்-அப்கிரேட் ஓட்டிப் பார்த்தேன். 22.04 ஏறிவிட்டது. ரீபூட் செய்ததும் செயலி எழவில்லை. விர்ச்சுவல் என்விரான்மென்ட் (செயலிக்கென்று பிரித்து வைத்த பைத்தான் சூழல்) இன்னும் பைத்தான் 3.8ஐத் தேடிக்கொண்டிருந்தது, அங்கே இருந்ததோ 3.10. வெளியிலிருந்து சேர்த்திருந்த ரெப்போக்களையும் (மென்பொருள் களஞ்சியங்கள்) அப்கிரேட் முடக்கி வைத்திருந்தது. சரிசெய்ய அரை நாள் ஆனது. அதுவும் ஒரே ஒரு சர்வருக்கு.

22.04க்குப் போவதா, நேராக 24.04க்கா? இருக்கும் சர்வரிலேயே ஏற்றுவதா, புதிதாகக் கட்டுவதா? எல்லாவற்றுக்கும் மேலாக, எப்போது?

பதில் 1

முதலில் மூச்சு விட நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். உபுண்டு புரோ சந்தா எடுத்தால் 20.04க்கு 2030 வரை பாதுகாப்பு பேட்ச் கிடைக்கும். சொந்தப் பயன்பாட்டுக்கு 5 இயந்திரங்கள் வரை இலவசம், நிறுவனத்துக்குக் கட்டணம் உண்டு. ஒரு வருடத்துக்கு வாங்குங்கள். அவசரத்தில் மாற்றி ஒரு நாள் முழுக்கச் சேவை படுத்துக்கிடப்பதோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு பெரிதில்லை. ஆனால் அதைச் சாக்காக வைத்து வேலையைத் தள்ளிப்போட்டு விடாதீர்கள்.

பதிப்பைப் பொறுத்தவரை, 24.04. 22.04க்குப் போனால் 2027ல் இதே வேலையை மறுபடி செய்ய வேண்டும். 24.04 என்றால் 2029 வரை கவலையில்லை. 20.04லிருந்து 24.04க்கு நேராகத் தாவ முடியாது, நடுவில் 22.04ல் இறங்கித்தான் ஏற வேண்டும். அதாவது, இருக்கும் சர்வரிலேயே செய்தால் நீங்கள் பட்ட அந்த அரை நாள் அவதி ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டு முறை. அதனால் புதிதாகக் கட்டுங்கள்.

"எப்போது" என்பதற்கு நான் வைத்திருக்கும் விதி: புதிய எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) வந்த அன்று ஏறக் கூடாது, பழையது காலாவதியாகும் வரை காத்திருக்கவும் கூடாது. 24.04 வந்தது 2024 ஏப்ரல் 25. பழைய எல்டிஎஸ்ஸில் இருப்பவர்களுக்கு உபுண்டு அப்போதே அதைக் காட்டவில்லை, முதல் பாயின்ட் ரிலீஸ் (திருத்தங்கள் சேர்ந்த மறுவெளியீடு) வரும் வரை நிறுத்தி வைத்தது. 24.04.1 ஆகஸ்ட் 29ல் வந்தது. அப்புறமும் அப்கிரேட் கருவியில் ஒரு கோளாறு தெரிந்து, சில நாள் அந்த வழியை மூடினார்கள். பாயின்ட் ரிலீஸ் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து ஒத்திகையைத் தொடங்கினால், பழையதன் ஆதரவு முடியும்முன் போதுமான அவகாசம் இருக்கும். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள், ஆகவே இன்றே ஒத்திகையைத் தொடங்கலாம்.

பதில் 2

செயலி சர்வர் உடைந்தால் உடனே தெரிந்துவிடும். டேட்டாபேஸ் அப்படியில்லை, அது சத்தமில்லாமல் உடையும். அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நாங்கள் 18.04லிருந்து 22.04க்குப் போனபோது, புதிய இயந்திரத்தில் அதே போஸ்ட்கிரெஸ் பதிப்பைப் போட்டு, ஸ்ட்ரீமிங் ரெப்ளிகாவாக (மாற்றங்களை உடனுக்குடன் பெறும் நகலாக) ஓடவிட்டு, ஓர் இரவில் அதையே பிரைமரி ஆக்கினோம். எல்லாம் பச்சை. மூன்றாம் நாள் ஒரு வாடிக்கையாளர், தன் கணக்கே இல்லை என்று வருகிறது என்றார். அவருடைய மின்னஞ்சலைக் கொடுத்துத் தேடினேன், பூஜ்யம் வரி. இண்டெக்ஸை, அதாவது தேடலை வேகப்படுத்தும் பட்டியலை, பயன்படுத்தாதபடி செய்து அதே கேள்வியை ஓட்டினேன், ஆள் வந்துவிட்டார். வரி டேபிளில் பத்திரமாக இருந்தது, இண்டெக்ஸுக்குத்தான் அதைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அதற்குள் அவர் இரண்டாம் முறை பதிவு செய்ய, யூனிக் (ஒன்று ஒரு முறைதான் வரலாம்) என்று போட்டிருந்த நெடுவரிசையில் ஒரே மின்னஞ்சல் இரண்டு முறை உட்கார்ந்திருந்தது.

காரணம் ஜிலிப்சி, லினக்ஸில் நிரல்கள் எல்லாம் நம்பியிருக்கும் அடிப்படை நூலகம். அதன் 2.28 பதிப்பில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் முறை மாறியது. 18.04ல் இருந்தது 2.27, 22.04ல் 2.35. பழைய வரிசைப்படி கட்டிய இண்டெக்ஸை, புதிய வரிசை தெரிந்த இயந்திரம் படித்தது. எழுத்து சார்ந்த இண்டெக்ஸ் அத்தனையையும் ரீஇண்டெக்ஸ் செய்து, இரட்டைப் பதிவுகளை ஒவ்வொன்றாகக் கையால் இணைத்தோம்.

உங்கள் 20.04ல் இருப்பது 2.31. அந்தப் பெரிய மாற்றம் உங்களுக்கு முன்பே கடந்துவிட்டது. ஆனாலும் இயங்குதளத்தைத் தாண்டி ஃபிசிக்கல் ரெப்ளிகாவை (இண்டெக்ஸ் உட்பட அப்படியே எடுக்கும் நகலை) நம்ப வேண்டாம். எப்படியும் போஸ்ட்கிரெஸ் 12க்கு 2024 நவம்பரில் ஆதரவு முடிந்துவிட்டது. 24.04ல் 16 கிடைக்கிறது. புதிய சர்வரில் 16ஐப் போட்டு, லாஜிக்கல் ரெப்ளிகேஷனில் (வரிகளின் தகவலை மட்டும் அனுப்பும் முறையில்) தகவலைக் கொண்டுவாருங்கள். இண்டெக்ஸ் அங்கேயே புதிதாகக் கட்டப்படும், சிக்கலுக்கு வழியே இல்லை. இரண்டை மட்டும் மறக்காதீர்கள். பிரைமரி கீ (ஒவ்வொரு வரிக்கும் தனி அடையாளம்) இல்லாத டேபிளில், ரெப்ளிகா ஐடென்டிட்டி (வரியை எதைக் கொண்டு அடையாளம் காண்பது) என்னவென்று நீங்களே சொல்லாவிட்டால், திருத்தமும் நீக்கமும் பிழை அடிக்கும். சீக்வென்ஸ் எண்கள் (புதிய வரிகளுக்குத் தானாக ஏறும் எண்கள்) கூடவே வராது, மாற்றும் நேரத்தில் கையால் முன்னே தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் முதல் இன்சர்ட்டிலேயே அடி விழும்.

பதில் 3

சின்ன மாற்றுக் கருத்து. இருக்கும் சர்வரிலேயே ஏற்றுவது எப்போதும் தவறு என்று நினைக்கவில்லை. என்னிடம் இரண்டே சர்வர்கள். ஸ்னாப்ஷாட் (சர்வரின் அந்நேர நகல்) எடுத்து, அதிலிருந்து மீட்டும் பார்த்துவிட்டு, அங்கேயே ஏற்றினேன், நன்றாக வந்தது. 11 சர்வர் என்றால் புதிதாகக் கட்டுவதே சரி.

24.04ல் சிஸ்டம் பைத்தானுக்குள் நேரடியாக பிப் (பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவி) இன்ஸ்டால் செய்ய விடாது. பைத்தான் 3.12ல் டிஸ்ட்யூட்டில்ஸ் (தொகுப்புகளைக் கட்டும் பழைய நூலகம்) கிடையாது. செயலியைச் சர்வரில் ஏற்றும் உங்கள் டிப்ளாய் ஸ்கிரிப்டை, மாறுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. புரோ ஒரு வருடத்துக்கு வாங்க மேலாளர் ஒப்புக்கொண்டார். இரட்டைப் பதிவுக் கதையைத்தான் அவரிடம் சொன்னேன், அதற்கப்புறம் பேச்சே மாறிவிட்டது.

24.04ல் ஒரு செயலி சர்வரைக் கட்டி ஸ்டேஜிங்கில் ஓடவிட்டேன். எல்லாச் சோதனையும் தேறியது, ஒன்றைத் தவிர. ஒரு பங்குதார நிறுவனத்தின் பழைய சேவையோடு பேசும் இடத்தில், பாதுகாப்பற்ற பழைய ரீநெகோஷியேஷன் (மறையாக்க இணைப்பின் விதிகளை நடுவில் மறுபடி பேசி முடிவு செய்வது) முடக்கப்பட்டிருக்கிறது என்று பிழை வருகிறது. 20.04ல் இதே அழைப்பு ஒழுங்காகப் போகிறது. என்ன செய்வது?

பதில் 1

அது ஓபன்எஸ்எஸ்எல் (இணைப்புகளை மறையாக்கம் செய்யும் நூலகம்) மாற்றம். 20.04ல் இருப்பது 1.1.1, 22.04 முதல் 3.0. பாதுகாப்பான ரீநெகோஷியேஷன் தெரியாத பழைய சர்வரோடு பேச 3.0 இயல்பாகவே மறுக்கும். இணையத்தில் தேடினால், ஓபன்எஸ்எஸ்எல் பொது அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள் என்பார்கள். செய்யாதீர்கள். அந்த இயந்திரத்திலிருந்து போகும் இணைப்பு எல்லாமே அதனால் தளர்ந்துவிடும். பைத்தானில் அந்த ஓர் அழைப்புக்கு மட்டும் தனி எஸ்எஸ்எல் கான்டெக்ஸ்ட் (இணைப்புக்கான அமைப்புகளின் தொகுப்பு) உருவாக்கி, அதில் லெகசி சர்வர் கனெக்ட் விருப்பத்தைப் போடுங்கள். அவர்கள் பக்கம் சரிசெய்யச் சொல்லி இன்றே எழுதிவிடுங்கள், பதில் வர நாளாகும்.

பதில் 2

இன்னொன்று. புதிய சர்வர் ஒரு மாதக்கடைசியையாவது பார்க்கட்டும். மாதத்துக்கு ஒரு முறை மட்டும் எழும் க்ரான் வேலைகள்தான் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை), எல்லாம் முடிந்தது என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது விழும். பழைய சர்வர்களை அதுவரை அழிக்காதீர்கள்.

கேட்டவர்

தனி கான்டெக்ஸ்ட் வேலை செய்கிறது. பங்குதாரருக்கும் எழுதிவிட்டேன்.

திட்டம் இப்படி: வரும் செவ்வாய் காலை, அலுவலகத்தில் எல்லோரும் இருக்கும் நேரத்தில், புதிய செயலி சர்வர் ஒன்றை லோட் பேலன்சரில் சேர்த்து 10 சதவீதம் போக்குவரத்தை அதற்கு விடுகிறோம். மாதக்கடைசி பில்லிங் தாண்டியதும் மீதி ஐந்து. பிறகு க்யூ, லோட் பேலன்சர்கள். டேட்டாபேஸ் கடைசி. பிரைமரி கீ இல்லாத டேபிள்களைத் தேடினேன், நான்கு இருக்கின்றன. இன்று அவற்றுக்குக் கீ சேர்க்கும் வேலையில் இருக்கிறேன்.