மார்க் 8, எல்டொராடோ, ரிவியேரா: வாங்கப் போன இடத்தில் நடந்தது

ஏரிக்கரை:
மூன்று வருடமாக மனதில் கிடக்கிறது, இங்கே இறக்கி வைக்கிறேன். 1997 லிங்கன் மார்க் 8, அமெரிக்க இரண்டு கதவு சொகுசு வண்டி, பின்னால் குறுக்கே நியான் விளக்கு ஓடுமே, அந்த மாடல். சாதாரண ஸ்பிரிங்குக்குப் பதில் நான்கு காற்றுப் பைகளில் நிற்கும், எஞ்சின் ஓடும்போது கம்ப்ரசர் அவற்றில் காற்று ஏற்றும். அமெரிக்காவில் டொலீடோ நகருக்கு வெளியே ஒரு வீடு, ஜனவரிக் குளிர். நான் போனபோது வண்டி நான்கு பக்கமும் ஒரே உயரத்தில் நிமிர்ந்து நின்றது. பேசிக்கொண்டே பானட் மேல் கை வைத்தேன். நல்ல சூடு. "இப்போதுதான் வெளியே எடுத்தேன்" என்றார் அவர். எனக்குள் என்னவோ நெருடியது, ஆனாலும் கேட்கவில்லை. ஓட்டிப் பார்த்ததும் அந்த 32 வால்வு வி8 சத்தத்தில் எல்லாம் மறந்துபோனது. மறுநாள் காலை கராஜைத் திறந்தால் வண்டி பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. டயரின் மேல்பகுதியே தெரியவில்லை. ஸ்டார்ட் செய்தேன். கம்ப்ரசர் உறுமியது, உறுமிக்கொண்டே இருந்தது, வண்டி ஒரு அங்குலம்கூட எழவில்லை. பணம் போனது பரவாயில்லை. கையில் சூடு பட்ட பிறகும் ஏன் வாயைத் திறக்கவில்லை?

வி8 ராசா:
ஜனவரியில் வண்டி விற்கிறவர் யாரும் சூடாக்கித்தான் வைப்பார், அதை மோசடி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னுடையது 1995. வாங்கிய ஐந்தாம் மாதம் இதே கதைதான், காற்றுப் பைகளை எடுத்துவிட்டுச் சாதாரண இரும்புச் சுருளான காயில் ஸ்பிரிங் மாட்டி நிம்மதியாக இருக்கிறேன். இனி வாங்கப் போகிறவர்கள் கவனியுங்கள். ஏர் ஸ்பிரிங் என்பது அந்த ரப்பர் பைதான், வயதானால் மடிப்பில் விரிசல் விடும். காற்று கசியக் கசிய கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடி அதுவும் கருகும். அதனால் கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் புதியதும் போய்விடும். முதலில் கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள், சோப்புத் தண்ணீர் தெளித்தாலே குமிழி காட்டிக்கொடுக்கும். முந்தைய இரவிலிருந்து ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று போனிலேயே சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால் போங்கள். ஜாக்கி போடுவதற்கு முன் டிக்கிக்குள் இருக்கும் ஏர் சஸ்பென்ஷன் சுவிட்சை அணைக்க மறக்காதீர்கள். கியர்பாக்ஸில் மிதமான வேகத்தில் ஒரு நடுக்கம் வருகிறதா என்றும் பாருங்கள், சில வண்டிகளில் எண்ணெய் மாற்றினாலே போய்விடும்.

மழைக்காலம்:
ராசா அண்ணா, காயில் போட்டதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நெடுஞ்சாலை வேகத்தில் தானாகவே கொஞ்சம் தாழ்ந்து ஓடும் வண்டி அது. அந்தக் காற்றுப் பைகளை எடுத்துவிட்டால் மார்க் 8 என்று எதை வைத்துக்கொள்கிறோம்? 1998க்குப் பிறகு லிங்கன் இரண்டு கதவு வண்டியே செய்யவில்லை. மிச்சம் இருப்பதையாவது அப்படியே காப்பாற்ற வேண்டாமா?

என் கதை காடிலாக் எல்டொராடோ, 1996, இடிசி என்ற வகை, நார்த்ஸ்டார் என்ற வி8 எஞ்சின். வெள்ளை, உள்ளே சிவப்புத் தோல் இருக்கை, ஒரு கீறல் இல்லை. எஞ்சின் ஆறியிருக்கும்போதே கூலன்ட் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் உலை கொதிப்பது போல் குமிழி குமிழியாக வந்தது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, எஞ்சினின் தலைப்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. அந்த அலுமினிய பிளாக்கில் போல்ட் மரை பிடிப்பை விட்டுவிடும், தெரிந்ததுதானே. வேண்டாம் என்று வந்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்து ஒரு கோடைக்கால வண்டிச் சந்திப்பில் அதே வெள்ளை, அதே சிவப்பு. வாங்கியவர் எஞ்சினை இறக்கி, புதிய மரை உருளைகள் வைத்து, அமைதியாக ஓட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்று அந்த இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரிடம் பேசக்கூட மனம் வரவில்லை.

வி8 ராசா:
தம்பி, எஞ்சினை இறக்குகிற கூலியை நீங்கள் கொடுத்திருந்தால் இப்படிப் பேசமாட்டீர்கள். தினமும் வேலைக்கு ஓட்டுகிறவனுக்குக் காயில்தான் சரி. கழற்றிய ஏர் ஸ்பிரிங்கை நான் வீசவில்லை, பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

உப்புச்சாலை:
ப்யூக் ரிவியேரா, 1995, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜர் உள்ளது. பஃபலோ பக்கம். மேலே பளபளப்பு, முழங்கால் போட்டுக் குனிந்து கதவுக்குக் கீழே ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினேன், பிடிவரை உள்ளே போனது, அவ்வளவு துரு. விற்றவருக்கு உண்மையிலேயே தெரியாது, அந்த முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. எழுந்து என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். பனிக்கு உப்பு போடும் ஊர் வண்டி என்றால் பெயின்டைப் பார்த்து எதுவும் முடிவு செய்யாதீர்கள்.

ஏரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. நான் காற்றோடுதான் வைத்திருக்கிறேன். நான்கு பையும் கம்ப்ரசரும் அதற்கு மின்சாரம் விடும் ரிலேயும் புதிது. வேலை முடிந்த மறுநாள் விடிவதற்கு முன் டார்ச்சோடு கராஜுக்குப் போனேன். வண்டி நின்றுகொண்டிருந்தது.

போன வாரம் ஒருவர் விற்பீர்களா என்று கேட்டார், இன்னும் முடிவெடுக்கவில்லை. பார்க்க வரட்டும். அவர் வந்து பானட்டில் கை வைக்கும்வரை சாவியைத் தொடமாட்டேன்.